ஒரு சாண் மேட்டுப் பக்கம்

வேடியம்மாவின் ஆள்காட்டி விரல் ஓட்டைக்குள் பாதிவரைக்கும் இறங்கியது. உள்ளே இன்னும் சூடு இருக்கிற மாதிரி இருந்தது. சாணியும் செம்மண்ணும் குழைத்த சேற்றை இடது கையால் அள்ளி அப்பி, பெருவிரலால் அமுக்கி, மேலே ஒரு வழி வழித்துவிட்டாள். ஓட்டை இருந்த இடமே தெரியாமல் போயிற்று. கோழிகளை மறித்து வைக்கிற பழைய மூங்கில் தட்டி அது. அதை மண்மேட்டோடு ஒட்டிச் சாத்தி, முழுக்க மெழுகி, நடுவில் சுண்ணாம்பால் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்ததும் அவள்தான், காலையில் பனி விலகுவதற்கு முன்னாலேயே. அந்தப் பொட்டு ஒரு கீறல்கூடப் படாமல் வெள்ளை வெளேரென்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு தோட்டா போயாயிற்று. ஒன்றுகூடப் பொட்டில் படவில்லை. கடைசி நாலும் ஒரே இடத்தில், பொட்டுக்குப் பக்கவாட்டில், மலை ஏறுகிற மேட்டுப் பக்கமாக ஒரு சாண் தள்ளி. பெருவிரலைப் பொட்டில் ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டினால் இந்த ஈர மண்ணில்தான் வந்து நிற்கும், அளந்து வைத்த மாதிரி. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம், நூறு தப்படி தள்ளி, பலாமரத்தடியில் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருக்கிற அவள் புருசன் தீர்த்தமலைக்கு அந்த நாலும் பொட்டிலேயே பட்டவை. அவள்தான் அப்படிக் காட்டினாள். பள்ளத்துப் பக்கம் பட்டால் துண்டைப் பள்ளத்துப் பக்கம் நீட்டு, மேட்டுப் பக்கம் பட்டால் மேட்டுப் பக்கம் நீட்டு, எத்தனை சாணோ அத்தனை தரம் ஆட்டு, நடுவில் பட்டால் தலைக்கு மேலே சுற்று என்று அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். நாலு தரம் சுற்றிவிட்டாள். சுற்றின கை தோள்பட்டையில் வலித்துக்கொண்டிருந்தது, நாலு குடம் தண்ணீர் தூக்கினாலும் வலிக்காத கை.

துப்பாக்கி முதலாளியுடையது. மழைக்காலம் முழுக்கப் பங்களாவில் பெட்டிக்குள் கிடக்கும். மார்கழி பிறந்து காட்டில் புல் காய ஆரம்பித்ததும், பட்டணத்து விருந்தாளிகள் வேட்டைக்கு வருவதற்கு முன்னால், தீர்த்தமலையைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அதன் முதுகில் ஸ்கோப்பு என்று ஒரு கண்ணாடிக் குழாய் உட்கார்ந்திருக்கிறது. வருசா வருசம் அது எப்படியோ அசைந்துபோகும். துப்பாக்கி ஒரு இடத்தைச் சுடும், ஸ்கோப்பு வேறு இடத்தைக் காட்டும். சுட்டுப் பார்த்து, பட்ட இடத்தைத் தெரிந்துகொண்டு, திருகைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். "கண்ணாடியில பொட்டு தெரியும் புள்ள, ஓட்டை தெரியாது. ஓட்டையப் பாத்துச் சொல்லத்தான் நீ" என்று அவன் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்தத் தோட்டத்தில் அவளை நம்பி யாரும் எதையும் சொல்லச் சொன்னதில்லை. சொல்லவும் அவளுக்கு வராது. போன மாசம் கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் மலையேறித் திரும்பும்போது இறங்கவேண்டிய இடம் வந்ததைக் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல், இரண்டு வளைவு தாண்டி வேறு யாரோ இறங்கினபோது கூடவே இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வந்தாள். அப்படிப்பட்டவள் பொய் சொன்னாள். வாயால் சொல்லச் சொன்னால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். கைதான் சொன்னது. முதல் மூன்று தோட்டாவுக்கும் கை உள்ளதை உள்ளபடிதான் காட்டியது, பள்ளத்துப் பக்கம் இரண்டு சாண், பள்ளத்துப் பக்கம் ஒன்று, அப்புறம் அரை. அவன் திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டான் போல, நாலாவது தோட்டா இந்தப் பக்கம் தாண்டி மேட்டுப் பக்கம் ஒரு சாணில் பட்டது. துண்டு மேட்டுப் பக்கம் நீளவேண்டியது. நீட்டத்தான் எடுத்தாள். எடுத்த கை அப்படியே மேலே போய்ச் சுற்றியது. யோசித்து வைத்துக்கொண்டு வந்தாளா என்றால் இல்லை. இல்லையா? பத்து மாசமாக அவள் வேறு என்னத்தை யோசித்தாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைனில் ஏழு வீடு. விருந்தாளி சுட்டுக் காட்டுமாடு விழுந்து, அது எப்படியோ வெளியே தெரிந்து, ஃபாரஸ்டு காக்கிச் சட்டைக்காரர்கள் ஜீப்பில் ஏறி வந்தால், முதலாளி ஒரு ஆளைக் கொடுப்பார். கேஸுக்கு ஆள் என்று அதற்குப் பேர். சுட்டது நான்தான் என்று கையெழுத்துப் போட ஒரு ஆள். அது வீட்டு வரிசைப்படி வரும். கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிற முறை, வாய்க்கால் தூர் எடுக்கிற முறை மாதிரி அதுவும் ஒரு முறையாகிவிட்டது. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை, மாட்டேன் என்றால் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். போன மாசியில் இரண்டாம் வீடு. கனகுவின் புருசன் முனிரத்தினம் ஜெயிலுக்குப் போனார். கோழி அறுத்தாலே அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிற மனுசன், ஒற்றை ஆளாகக் காட்டுமாட்டைச் சுட்டுச் சாய்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்தா வந்துவிடுவார், அந்தா வந்துவிடுவார் என்று வக்கீல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கனகு மாசம் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பலா காய்ச்சிருக்கா, பலா காய்ச்சிருக்கா என்று அதையே கேட்கிறாராம். நேற்றுக் காலையில் வேடியம்மா வாசல் தெளித்துக் கோலப்பொடியோடு குனிந்தபோது கனகு தன் வாசலில் நின்று பல் தேய்த்தபடி, "ஏண்டி வேடி, இந்த வருசம் மூணாம் வீடு. கோலத்தக் கொஞ்சம் ஓரமாப் போடு. ஜீப்பு திரும்ப எடம் வேணாமா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், அப்புறம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேடியம்மாவுக்குக் கையிலிருந்த பொடி கொட்டிவிட்டது. மூணாம் வீடு. அவள் வீடு. மாடு விழுந்தால் கேஸ் விழும். கேஸ் விழுந்தால் ஆள் வேண்டும். மாடு விழாவிட்டால்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தரமும் நின்று மூச்சு வாங்கும். மாடு விழாவிட்டால் ஒன்றுமில்லை. விருந்தாளிகள் இரண்டு நாள் சுற்றுவார்கள், சுடுவார்கள், படாது, கோழி தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். பொட்டு வெள்ளையாக இருக்கிறது. ஒரு சாண். ஒரு சாண் தள்ளிப் போனால் படாதுதானே.

"ஏ வேடி! மறைஞ்சிக்கிட்டியா?" அவன் குரல் ஓடையைத் தாண்டி வந்தது. அவள் சேற்றுக் கையோடு ஓடிப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டின் நுனியை மேலே தூக்கிக் காட்டினாள். பாறைக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே சவுக்கு மரக் கிளையில் தூளி. உள்ளே பிள்ளை, காதில் இலவம் பஞ்சு, எட்டு மாசம். அவள் ஒரு கையைத் தூளிக்குள் விட்டுப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். காத்திருக்கிற நேரம்தான் மோசம். குருவிகூடக் கத்தாது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான், அவளும் பிடித்துக்கொள்வாள், எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. வெடித்தது. பாறை அதிர்ந்து முதுகில் இடித்தது. பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு, உதடு பிதுங்கி, அழலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, அழுதது. அழுததும் அவள் மார் இரண்டும் சுரீரென்று இழுத்துப் பால் இறங்கியது. காலையிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் இப்படித்தான், ரவிக்கை நனைந்து காய்ந்து நனைந்து மொடமொடவென்று ஆகிவிட்டது. இந்தப் பாலுக்கு வெடி எது, பசி எது என்று தெரியவில்லையே. எழுந்து போய்ப் பார்த்தாள். அதே இடம். அதே ஒரு சாண். போன தடவை பூசின சேறு காயாமலே மறுபடி பிய்ந்து நின்றது. துண்டு தலைக்கு மேலே சுற்றியது. அந்தப் பக்கம் அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் உயரத் தூக்கி ஆட்டினான், திருவிழாவில் உறியடித்தவன் மாதிரி. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. குனிந்து சேற்றை எடுத்து, ஓட்டை இருந்த இடத்தில் மட்டுமில்லாமல் தட்டி முழுக்கப் பூசினாள், பூசினதின் மேலேயே பூசினாள். பார்த்தால் அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான்.

வருகிறான். எதற்கு வருகிறான்? தட்டியைப் பார்க்கவா? தட்டியை இழுத்துத் திருப்பினால் போதும், பின்பக்கம் பூச்சு இல்லை, மூங்கில் பிளந்த இடம் எல்லாம் ஒரே பக்கமாகத் தெரியும். அவள் தட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் மூச்சு வாங்க ஏறி வந்து, "தண்ணி குடு புள்ள. நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றான். தூளியை எட்டிப் பார்த்து, "என்னாங்க மேடம், அப்பன் சுட்டா அழுவுறீங்க. நாளைக்கு நீங்களும் சுடணும், ஆமாம்" என்று பிள்ளையின் பாதத்தைப் பிடித்து ஆட்டினான். பிள்ளை அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தது. அவன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு தோட்டா, அஞ்சும் பொட்டுல. எவனுக்கு வரும்?" என்றான். "எனக்கே நம்ப முடியல. நீ பாத்துத்தான சொல்ற?" அவள் தலையை ஆட்டினாள். "வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்று அவள் தாடையில் ஒரு விரலால் தட்டினான். அப்புறம் பாறையில் உட்கார்ந்து, கால் முள்ளை நோண்டிக்கொண்டே சொன்னான், ரொம்பச் சாதாரணமாக. "மொதலாளிக்கு இதெல்லாம் வெளையாட்டு. நான் ஏன் இப்பிடி மாய்ஞ்சி மாய்ஞ்சி பாக்குறேன் தெரியுமா? பட்டணத்தான் சுடுறது நெஞ்சில பட்டா மாடு அங்கியே விழுந்துரும். அப்பிடி இப்பிடி வயித்துல பட்டுதுன்னு வையி, அது உண்ணிப்புதருக்குள்ள போயிப் படுத்துக்கும், கிட்டப் போறவனக் குத்திச் சாய்ச்சிரும். அதத் தேடிக்கினு எவன் உள்ள போவான்? பட்டணத்தானா? தீர்த்தமலதான் போவணும், கொடுவாளத் தூக்கிக்கினு." சிரித்தான். "அதான் நான் பாத்துப் பாத்து வெக்கிறது. நம்ம உசுரு இந்தத் திருகுலதான்டி இருக்குது." முள் வந்துவிட்டது. அதை நகத்தில் வைத்து ஊதினான். "இன்னும் ரெண்டு இருக்குது. அம்பது தப்படி பின்னால போயி ரெண்டு வெக்கிறேன். தூரத்துக்கும் சரியா வந்துட்டா அப்பறம் பயமே இல்ல. பொட்டக் கொஞ்சம் பளிச்சினு வையி." தட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான். அவ்வளவு நம்பிக்கை.

அவள் சுண்ணாம்புச் சட்டியை எடுத்தாள். விரலைத் தோய்த்தாள். பொட்டின் மேல் வைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. வயிற்றில் பட்டால். ஒரு சாண் தள்ளிப் போனால் படாது என்று யார் சொன்னார்கள்? தட்டியில் அளந்தாள், மாட்டில் அளக்கவில்லை. காட்டுமாடு என்ன தட்டியா? சுவர் மாதிரி மாடு. பாதையை மறித்து நின்றால் அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாது. அதன் நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளினால் அதுவும் மாடுதான். இரண்டு சாண் தள்ளினாலும் மாடுதான். மேட்டைப் பார்த்து நின்றால் ஒரு சாண் முன்னால், அது கழுத்து, கழுத்தென்றால் விழுந்துவிடுமோ என்னவோ. பள்ளத்தைப் பார்த்து நின்றால் ஒரு சாண் பின்னால், அது வயிறு. மாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்? மேயும்போது மேட்டைப் பார்த்து ஏறும். தண்ணிக்குப் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். அவர்கள் சுடுவது விடியற்காலமா, பொழுது சாயவா? ஐயோ, இதை அவள் யாரிடம் போய்க் கேட்பாள். மேட்டைப் பார்த்தால் கழுத்து, பள்ளத்தைப் பார்த்தால் வயிறு, மேட்டைப் பார்த்தால் கழுத்து. கிட்ட இருந்து சுட்டால் ஒரு சாண். தூர இருந்து சுட்டால் இன்னும் கூடும். கூடினால் ஒருவேளை மாட்டையே தாண்டிப் போய்விடும், படாது, ஒன்றுமில்லை, எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். எவ்வளவு தூரம்? அஞ்சாம் வகுப்புவரைக்கும் படித்தாள், பெருக்கல் வரும், வகுத்தல்தான் வராது, மீதி எங்கே எழுதுவது என்று எப்போதும் குழம்பும். அன்றைக்கும் வகுத்தல்தான். டீச்சர் கரும்பலகைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார், அவளுக்குக் கை எழவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள், யாராவது வந்து தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடமாட்டார்களா என்று சாமியை வேண்டினாள். வாசலில் சித்தப்பா வந்து நின்றார். டீச்சர், புள்ளய அனுப்புங்க என்றார். அவள் சந்தோஷமாகப் போனாள். சாமி கேட்டுவிட்டது என்று சந்தோஷமாகக் குதித்துக்கொண்டு போனாள்.

கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவின் கால் மட்டும் வெளியே தெரிந்தது, ஒரு காலில் செருப்பு இருந்தது. விருந்தாளி சுட்டது வயிற்றில் பட்டு மாடு உண்ணிப்புதருக்குள் போய்விட்டதாம், ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்து பீடி குடித்தார்களாம், செத்திருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பாவை அனுப்பினார்களாம். பள்ளத்தில் தவறி விழுந்தார் என்று எழுதினார்கள். அம்மா பெருவிரல் வைத்தாள். கம்பளியைத் திறக்காதே, திறக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் எல்லாருடைய காலுக்கும் நடுவில் புகுந்து போய்த் திறந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் பேச்சு குறைந்துபோயிற்று என்று அம்மா சொல்வாள். இதைப்போய் மறப்பாளா ஒருத்தி? மறந்துவிட்டாள். பத்து மாசமாக ஜெயில் ஜெயில் என்று அதையே நினைத்து, மூணாம் வீடு மூணாம் வீடு என்று அதையே எண்ணி, அப்பாவை மறந்துவிட்டாள். கையை வெட்டிப் போட்டால் என்ன? இந்தக் கைதானே. விரலில் இருந்த சுண்ணாம்பு காய்ந்து தோலை இழுத்தது. பொட்டை வைத்தாள். முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. குண்டு தேடி வந்து இதில் விழட்டும், சாமி, ஒரே ஒரு தடவை, அப்போது கேட்டதும் கொடுத்தாயே, இப்போதும் கேட்கிறேன், குண்டு வழி மாறி வந்து இந்தப் பொட்டில் விழட்டும், அப்புறம் அவள் சுற்றுவது நிஜமாகிவிடும்.

"மறைஞ்சிக்கோ!" குரல் இப்போது இன்னும் தூரத்திலிருந்து, மெல்லிசாக. அவள் பாறைக்குப் பின்னால் போனாள். துண்டைத் தூக்கினாள். பிள்ளையின் நெஞ்சில் கை. நெஞ்சு எலிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. வெடித்தது, முதுகு இடித்தது, பால் இறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பொட்டு வெள்ளை. பூச்சில் எங்கேயும் இல்லை. தட்டியின் ஓரத்தில், இன்னும் இரண்டு விரல் தள்ளினால் மண்மேட்டிலேயே போய் இறங்கியிருக்கும், அங்கே மூங்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒன்றரை சாண். இப்போது சொல்லிவிடு. துண்டை மேட்டுப் பக்கம் நீட்டு. நீட்டுடி. கை மேலே போயிற்று. சுற்றியது. ஐயோ. சுற்றிவிட்டது. பழகிவிட்டது கைக்கு. அவள் சொல்லி அது கேட்பதில்லை இனிமேல். தூரத்தில் அவன் விசில் அடித்தான். "ஒண்ணுதான் பாக்கி! அதயும் வெச்சிட்டு வந்துர்றேன்!" என்றான். ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றில் மட்டும் நிஜத்தைக் காட்டினால்? அவன் நம்பமாட்டான். ஆறு தடவை நடுவில் பட்டது ஏழாவது தடவை எப்படித் தள்ளும், தன் கைதான் ஆடிவிட்டது என்று நினைப்பான். அட, கடைசியில கோட்ட உட்டுட்டேன் என்று சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவான். துண்டால் சொல்ல முடியாது. வாயால்தான் சொல்லவேண்டும். நாலாவதிலிருந்து எல்லாமே என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பான். நீ ஜெயிலுக்குப் போகக்கூடாதுன்னுதான் என்று சொன்னால், அவன் முகம் எப்படிப் போகும்? அடிக்கமாட்டான். அடித்தால் பரவாயில்லை. பேசாமல் அவளைப் பார்ப்பான், இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் உயிரை ஒவ்வொரு திருகாகத் திருகி வைத்தவன், அதை ஒருத்தி சேறு பூசி மூடினாளே என்று பார்ப்பான். பார்த்துவிட்டுத் திருகைச் சரியாகத் திருப்புவான். மாடு நெஞ்சில் பட்டு அங்கேயே விழும். கேஸ் விழும். மூணாம் வீட்டு வாசலில் ஜீப்பு நிற்கும். அவன் கையெழுத்துப் போடுவான், பேரின் கடைசியில் அவன் எப்போதும் போடுகிற பெரிய ‘லை’யையும் போடுவான். அப்புறம் மாசம் ஒரு தரம். பிள்ளை நடக்க ஆரம்பிக்கும், பார்க்கமாட்டான். பல் முளைக்கும், பார்க்கமாட்டான். போகாதே மாமா, இந்த வேலையே வேண்டாம், வேறு எங்காவது போய்விடலாம் என்று சொல்லலாம். எங்கே? அம்மா இரண்டு அண்ணன் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்ச் சோறு தின்கிறாள். எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டே இரண்டு வழி, ஒன்று ஜீப்பில் போகிறது, ஒன்று உண்ணிப்புதருக்குள் போகிறது. கனகு சிரிக்கிறாள், மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். கனகுவுக்குப் போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கிறது, அது பலா காய்ச்சிருக்கா என்று கேட்கிறது, கேட்கிற வாய் இருக்கிறது. அவள் திறந்து பார்த்தாளே, கம்பளிக்குள், அங்கே கேட்க என்ன இருந்தது?

வெடித்தது. அவள் துண்டைத் தூக்கினாளா, மறைந்தாளா, எதுவும் நினைவில்லை. பாறைக்குப் பின்னால்தான் இருந்தாள், தூளிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டது. அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பொட்டு வெள்ளையாகவே இருந்தது. இந்தத் தடவை தட்டியில்கூட இல்லை, மண்மேட்டில் ஒரு குழி, பொடி மண் அதிலிருந்து இன்னும் சரிந்துகொண்டிருந்தது. சேற்றுச் சட்டி காலடியில் இருந்தது. குனியவில்லை. கீழே பாதை வளைவில் ஒரு ஹாரன் கேட்டது, இரண்டு தரம், முதலாளி துப்பாக்கிக்கு ஆள் அனுப்பிவிட்டார். பெட்டி மூடுகிற சத்தம் இங்கே கேட்குமா? கேட்ட மாதிரி இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே அவன் நீலச் சட்டை கீழே இறங்கிப் போவது தெரிந்தது. அவள் துண்டைத் தேடினாள், துண்டு பாறையிலேயே கிடந்தது. "வேடீ! வண்டி வந்துருச்சு! புள்ளயத் தூக்கிக்கினு எறங்கி வா! கடைசியும் நடுவுலதான?" என்று அவன் கத்தினான், கத்திக்கொண்டே நடந்தான், பதிலுக்கு நிற்கவில்லை, பதில் தெரிந்தவன் மாதிரி. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பிள்ளையின் அழுகை அவள் காதுக்குள்ளேயே இருந்தது, அதைவிடச் சத்தமாகக் கத்தவேண்டும், மலையே கேட்கும், வண்டிக்காரன் கேட்பான், கனகு கேட்பாள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், நீலச் சட்டை இதோ வளைவில் மறையப்போகிறது, வயிற்றுக்குள்ளிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி அவள் குரல் வந்தது, மாமா, நில்லு மாமா, நடுவுல இல்ல, நாலாவதுலேர்ந்து ஒண்ணுகூட நடுவுல இல்ல, நான் பொய்யிச் சுத்துனேன், அத்தனையும் மேட்டுப் பக்கம் தள்ளிப் பட்டுது, மாமா, மேட்டுப் பக்கம் ஒரு